மிதிவண்டியும் சாலை விதிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

சாலையில் மிதிவண்டி ஓட்டுநர் ஒருவர் அடிபட்டு மாண்டார் என்னும் செய்தி வரும்போதெல்லாம் நம் நாட்டில் இரண்டு குரல்கள் எழுவதுண்டு. மிதிவண்டி ஓட்டுநர்க்கும் லைசென்சு வேண்டும், எண் தகடு வேண்டும், மீறினால் தண்டம் வேண்டும் என்பது ஒரு குரல். சாலையில் செல்வோருள் மிக எளியவர் அவரே. அவர்மீது மேலும் சுமை ஏற்றுவது முறையன்று என்பது மற்றொரு குரல். இரு சாராரும் இச்சிக்கல் புதியது என்றே எண்ணுகின்றனர். உண்மையில் இது நூறாண்டுக்கும் மேற்பட்ட பழமை உடையது. மிதிவண்டி சாலைக்கு வந்த நாள்தொட்டே அதனை விதிக்குள் அடக்கும் முயற்சியும் தொடங்கிவிட்டது. அம்முயற்சிகளுள் எவை உயிர் காத்தன, எவை காக்கவில்லை என்பதற்கு வரலாறு சான்று பகர்கின்றது. அச்சான்றினைக் கிள்ளான் பள்ளத்தாக்கின், குறிப்பாக அம்பாங் வட்டாரத்தின் பின்னணியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1888: மூன்று நிகழ்ச்சிகள்

1888-ஆம் ஆண்டு மூன்று நிகழ்ச்சிகளால் நினைவுகூரத் தக்கது. அவ்வாண்டில் ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் காற்றடைத்த ரப்பர் டயருக்குக் காப்புரிமை பெற்றார். தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி கல்பாவிய தெருவில் அதிராமல் ஓட வேண்டும் என்பதற்காக அவர் செய்த முயற்சியின் பயன் அது. அதே ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஹென்றி ரிட்லி ஏற்றார். மரம் பட்டுப்போகாமல் பால் எடுக்கும் முறையை வகுத்தவர் அவரே; ரப்பர் பயிரிடுமாறு மலாயாத் தோட்ட முதலாளிகளை ஓயாது வற்புறுத்தியவரும் அவரே. மிதிவண்டிச் சக்கரமும், அதனைத் தொடர்ந்து வந்த மோட்டார் வண்டிச் சக்கரமும் வேண்டி நின்ற ரப்பருக்காகவே தமிழர் பல்லாயிரவர் கப்பலேறி இந்நாட்டின் தோட்டங்களுக்கு வந்தனர். மிதிவண்டிக்கும் மலேசியத் தமிழர்க்கும் உள்ள உறவு அத்தகைய நெருக்கமுடையது.

மூன்றாம் நிகழ்ச்சி சட்டத்தைப் பற்றியது. அவ்வாண்டில் இங்கிலாந்தில் நிறைவேறிய உள்ளாட்சிச் சட்டம் மிதிவண்டியையும் 'வண்டி' என்று அறிவித்தது. இரவில் விளக்கேற்ற வேண்டும்; பிறரை முந்திச் செல்லும்போது மணியடித்து அறிவிக்க வேண்டும் என்று அது பணித்தது. அதற்கு முன்பு ஒவ்வோர் ஊராட்சியும் தன் விருப்பம்போல் மிதிவண்டியைக் கட்டுப்படுத்தி வந்தது. புதிய சட்டம் அத்தன்னிச்சையைப் போக்கிற்று. கடமை இரண்டைச் சுமத்தியபோதே சாலையில் செல்லும் உரிமையையும் அது உறுதி செய்தது. ஆகவே மிதிவண்டிச் சட்டத்தின் தொடக்கத்திலேயே கடமையும் உரிமையும் ஒன்றாகப் பிறந்தன. பிற்காலத்தில் கடமையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு உரிமையை மறந்தமையே பல இன்னல்களுக்கு வித்திட்டது.

அம்பாங் சாலையில் மிதிவண்டி

அம்பாங் என்னும் பெயர் அணையைக் குறிக்கும் 'எம்பாங்' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்பர். 1857-ஆம் ஆண்டில் கிள்ளான் தலைவர் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர் படகேறி, கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் இறங்கி, காட்டு வழியே நடந்து அம்பாங்கை அடைந்தனர். ஒரு மாதத்திற்குள் காய்ச்சலுக்குத் தப்பி எஞ்சியவர் 18 பேரே. அதன் பின்னரே ஈயச் சுரங்கங்கள் பெருகின, கோலாலம்பூர் எழுந்தது. அவர்கள் நடந்த தடமே காலப்போக்கில் ஊரையும் நகரையும் இணைக்கும் சாலையாக வளர்ந்தது. அம்பாங் சாலையின் முதல் ஏடே உயிரிழப்பின் ஏடு எனின் அது மிகையாகாது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அச்சாலையிலும் அதனை ஒத்த சாலைகளிலும் உழைக்கும் மக்களின் ஊர்தியாக விளங்கியது மிதிவண்டியே. பொழுது புலருமுன் பால்பாத்திரம் தொங்க விட்டுச் சென்ற பால்காரர், பின்புறம் பெட்டி கட்டிய ரொட்டிக்காரர், செந்தூல் இரயில் பட்டறைக்கு விரைந்த தொழிலாளர், பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்பிலிருந்து அலுவலகம் சென்ற எழுத்தர், தோட்டத்திலிருந்து பட்டணத்துப் பள்ளிக்குச் சென்ற மாணவர் ஆகிய அனைவரும் மிதிவண்டியை நம்பியே வாழ்ந்தனர். இன்று வங்சா மாஜு என்னும் அடுக்குமாடி நகர் நிற்குமிடம் 1980-களுக்கு முன் ஹாத்தோண்டன் என்னும் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. அத்தகைய தோட்டங்களில் ஒரு குடும்பம் புதிய ராலே வண்டி ஒன்றை வாங்கிவிட்டால் அது வீட்டின் பெருஞ்சொத்தாக மதிக்கப்பட்டது.

வரி கருதிய விதி

மிதிவண்டியை நோக்கி இந்நாட்டில் எழுந்த விதிகளைச் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து அவற்றை மூவகையாகப் பகுக்கலாம். வரி கருதி எழுந்தவை ஒருவகை. ஆட்சியின் பாதுகாப்புக் கருதி எழுந்தவை ஒருவகை. உயிர் கருதி எழுந்தவை ஒருவகை.

முதல் வகைக்குச் சான்று மிதிவண்டி லைசென்சு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நகராண்மைக் கழகங்கள் மிதிவண்டிக்கு ஆண்டுக் கட்டணம் பெற்று, எண் பொறித்த சிறு தகட்டை வழங்கின. தகடு இல்லாத வண்டி பிடிபட்டால் தண்டம் உண்டு. களவுபோன வண்டியைக் கண்டுபிடிக்க அத்தகடு ஓரளவு உதவியது. எனினும் தகடு தாங்கிய வண்டி தகடு தாங்காத வண்டியினும் பாதுகாப்பானதாக ஆகிவிடவில்லை. நிறுத்தும் கருவி பழுதாயிருந்தாலும் தகடு பளபளப்பாக இருந்தது. ஓட்டுவோரின் திறமையை எவரும் சோதித்தறியவில்லை. மோட்டார் சைக்கிள் பெருகி மிதிவண்டி அருகியபோது, வசூலிக்கும் தொகையைவிட வசூலிக்கும் செலவு மிகுதியாயிற்று. காலப்போக்கில் இம்முறை வழக்கொழிந்தது.

தமிழகத்திலும் இதே கதைதான். அங்கும் நகராட்சிகள் மிதிவண்டிக்கு வில்லை வழங்கி வரி தண்டின. விளக்கின்றி வருவோரையும் பின்னால் ஒருவரை ஏற்றி வருவோரையும் காவலர் மறித்து நிறுத்திய காட்சி பழைய தலைமுறையினர் நன்கறிந்தது. விளக்கு வேண்டும் என்ற விதி நல்ல விதியே. ஆயின் அது நடைமுறையில் ஏழையிடம் காசு பறிக்கும் வழியாக மாறியபோது, மக்கள் விதியை மதிப்பதற்கு மாறாகக் காவலரைக் கண்டதும் இறங்கித் தள்ளிச் செல்லக் கற்றுக்கொண்டனர். விதியின் கருத்து உள்ளத்தில் பதியாவிடின் விளையும் பயன் அதுவே.

ஆட்சி கருதிய விதி

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியது. ஏறத்தாழப் பத்து வாரங்களில், 1942 பிப்ரவரி 15-இல், சிங்கப்பூர் வீழ்ந்தது. இடையே ஜனவரி 11-இல் கோலாலம்பூர் அவர்கள் வசமாயிற்று. அவ்விரைவுக்குப் பெருந்துணை புரிந்தது மிதிவண்டி. ஜப்பானிய வீரர் ஆங்காங்கே மக்களிடமிருந்து மிதிவண்டிகளைப் பறித்துக்கொண்டு முன்னேறினர். டயர் வெடித்தால் வெறுஞ்சக்கரத்திலேயே ஓட்டினர்; இரவில் அவ்வோசையைக் கேட்டுப் பீரங்கி வண்டிகள் வருகின்றன என்று எதிரணியினர் மயங்கியதும் உண்டு. மலாயா மக்களோ தங்கள் ஊர்தியை இழந்து நடந்தனர்.

போர் முடிந்த சில ஆண்டுகளில், 1948-இல், அவசரகாலம் பிறந்தது. 1960 வரை நீடித்தது. 1950-இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோர மக்கள் வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். அம்பாங் புதுக்கிராமமும் அக்காலத்தில் தோன்றியதே. காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவு செல்லாமல் தடுக்க, பால்மரம் வெட்டச் செல்வோர் வாயிற்கதவில் சோதிக்கப்பட்டனர். மிதிவண்டியின் இரும்புக் குழாய்களிலும் காற்றடிக்கும் பம்புகளிலும் அரிசியை மறைத்துக் கடத்தியோரும் இருந்தமையால் மிதிவண்டியும் சோதனைக்குத் தப்பவில்லை. மிதிவண்டி ஓட்டுநர்மீது இந்நாட்டில் விழுந்த கண்டிப்புகளுள் அதுவே மிகக் கடுமையானது. அது சாலை விபத்தைக் குறைக்க எழுந்ததன்று; குறைக்கவும் இல்லை. கண்டிப்பு வேறு, பாதுகாப்பு வேறு என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

உயிர் கருதிய விதி

விடுதலைக்குப் பின் 1958-இல் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1959-இல் அதன் விதிகளும் வந்தன. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் வழித்தோன்றல். 1959-ஆம் ஆண்டு விதிகள் மிதிவண்டி ஓட்டுநரையும் தம் வரம்புக்குள் கொண்டுவந்தன. ஆகவே மிதிவண்டிக்குச் சட்டமே இல்லை என்று கூறுவோர் கூற்று பொருந்தாது.

ஆயினும் 1960-களிலும் 1970-களிலும் சாலையின் இயல்பே மாறிவிட்டது. மிதிவண்டி ஓட்டிய தொழிலாளர் சிறிய ஹோண்டா மோட்டார் சைக்கிளுக்கு மாறினர். வேகம் கூடியது, சாவும் கூடியது. அப்போது நம் நாடு எடுத்த மூன்று நடவடிக்கைகள் மோட்டார் சைக்கிளைப் பற்றியவை எனினும் மிதிவண்டிக்கும் பாடமாவன.

1973-இல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற விதி வந்தது. தலைப்பாகை அணியும் சீக்கியர்க்கு விலக்களிக்கப்பட்டது. அவ்விதியால் மோட்டார் சைக்கிள் மரணங்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தன என்று 1984-இல் வெளிவந்த ஆய்வு கண்டது. 1992-இல் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என்ற விதி பிறந்தது. கண்ணுக்குப் புலப்படாமையால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் அதன்பின் 29 விழுக்காடு அளவுக்குக் குறைந்தமையை ரடின் ஊமாரும் அவருடன் ஆய்ந்தோரும் எடுத்துக்காட்டினர்.

மூன்றாவது நடவடிக்கை விதியன்று, பாதை. 1970-களின் தொடக்கத்தில் உலக வங்கித் திட்டத்தின்கீழ்க் கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனித்தடம் அமைக்கப்பட்டது. உலகில் இத்தகைய தடம் முதன்முதல் தோன்றியது இங்கேதான் என்பர். 1990-களில் அது நீட்டிக்கப்பட்டபின் அச்சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்துகள் 39 விழுக்காடு குறைந்தன. எவரையும் தண்டிக்காமலே, எவரிடமும் கட்டணம் பெறாமலே கிடைத்த பயன் இது. தலைக்கவசத்தாலும் விளக்காலும் விளைந்த நன்மைக்கு இது சற்றும் குறைந்ததன்று.

எட்டு உயிர்கள்

2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் அதிகாலை மூன்று மணிக்கு மேல், ஜொகூர் பாருவின் உள்வட்டச் சாலையில் மிதிவண்டிகளோடு கூடியிருந்த சிறுவர் கூட்டத்தின்மீது கார் ஒன்று மோதியது. எட்டுச் சிறுவர் மாண்டனர். அவர்கள் பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையினர். மலாயில் 'பாசிக்கால் லாஜாக்' எனப்படும் மாற்றியமைத்த மிதிவண்டிகளை அவர்கள் வைத்திருந்தனர். இருக்கையைத் தாழ்த்தி, நிறுத்தும் கருவியைக் கழற்றி, சரிவில் மார்பு படியப் படுத்து விரையும் விளையாட்டுக்கு ஏற்ற வண்டிகள் அவை.

காரோட்டிய இளம்பெண்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2019-இல் அவர் விடுவிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் மறுவிசாரணைக்கு உத்தரவாயிற்று. 2021-இல் மீண்டும் விடுவிக்கப்பட்டார். 2022-இல் உயர்நீதிமன்றம் ஆறாண்டுச் சிறையும் 6,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி அவரை விடுதலை செய்தது. ஆறாண்டுக் காலம் நாடு முழுதும் இவ்வழக்கைப் பற்றியே வாதிட்டது. குற்றம் காரோட்டியதா, பெற்றோரதா, சிறுவரதா என்று மக்கள் பிரிந்து நின்றனர். நீதிமன்றம் ஆராய்ந்தது ஒருவர்மீது சாட்டப்பட்ட குற்றத்தை மட்டுமே. நிறுத்தும் கருவியற்ற வண்டிகள் எவ்வாறு உருவாயின, நள்ளிரவில் சிறுவர் விளையாட வேறிடம் இல்லாமற் போனது ஏன், அச்சாலை ஏன் இருளில் கிடந்தது என்னும் வினாக்கள் தீர்ப்பின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. சமுதாயமே அவற்றிற்கு விடையிறுக்க வேண்டும்.

பிற நாடுகள் கண்ட வழி

சிங்கப்பூர் கண்டிப்பான வழியை நாடியது. 2021-இல் மிதிவண்டிகளுக்குக் கைநிறுத்தி கட்டாயம் ஆயிற்று. 2022 சனவரி முதல் கூட்டமாகச் செல்வோர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டப்பட்டது, அபராதமும் உயர்ந்தது. ஆயினும் ஓட்டுநர்க்கு லைசென்சு வேண்டுமா என்று ஆராய்ந்த குழு, வேண்டா என்றே பரிந்துரைத்தது. கண்டிப்புக்குப் பெயர் பெற்ற நாடே அதனைத் தவிர்த்தமை கருதத் தக்கது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990 சூலை முதல் நாள் மிதிவண்டி ஓட்டுவோர்க்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. தலைக்காயங்கள் குறைந்தன, ஆனால் மிதிவண்டி ஓட்டும் இளைஞர் தொகையும் கணிசமாகக் குறைந்தது. விதி உயிரைக் காத்ததா, ஓட்டுவோரையே விரட்டியதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

நெதர்லாந்து வேறு வழியில் சென்றது. அங்கு 1971-இல் 3,000-க்கும் மேற்பட்டோர் சாலையில் மாண்டனர். அவர்களுள் 400-க்கும் மேற்பட்டோர் சிறுவர். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினர். 'குழந்தைக் கொலையை நிறுத்துக' என்பதே அவர்தம் இயக்கத்தின் பெயர். அரசு தனித்தடங்களை அமைத்தது. குடியிருப்புத் தெருக்களில் மோட்டார் வண்டியின் வேகத்தைக் குறைத்தது. பிற்காலத்தில் சாலை மரணங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 600, 700 என்ற அளவிற்குத் தாழ்ந்தன. அந்நாட்டில் சாதாரண மிதிவண்டிக்கு லைசென்சும் இல்லை. தலைக்கவசக் கட்டாயமும் இல்லை. இரவில் விளக்கு கட்டாயம்.

விதி கடுமையானால் விலகிப்போவோர் யாவர் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் விளக்கம் தரும். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதனை ஊக்குவித்தார். வயலிலும் கல்லுடைக்கும் களத்திலும் உழைத்த பெண்கள் ஆயிரமாயிரமாக மிதிவண்டி ஏறினர். பேருந்துக்குக் காத்திராமல், பிறர் துணையை நாடாமல் சந்தைக்கும் வேலைக்கும் சென்றனர். தேர்வும் கட்டணமும் தகடும் அன்று குறுக்கே நின்றிருப்பின் அவர்களுள் எத்தனை பேர் ஏறியிருப்பர்?

இன்றைய அம்பாங்

அம்பாங் இன்று சுரங்க ஊரன்று. 1985-இல் ஈயவிலை வீழ்ந்தபின் இந்நாட்டின் ஈயத்தொழில் நலிந்தது. 1992-இல் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம் உருவாயிற்று. 1996-இல் இலகு இரயில் வந்தது. நடு வட்டச்சாலை இரண்டு ஊரின் ஊடே ஆறுபோல் ஓடுகின்றது. அம்பாங் சாலையின் ஒரு பகுதி கூட்டரசுப் பிரதேசத்தில், மறுபகுதி சிலாங்கூரில். ஒரே சாலையில் செல்லும் மிதிவண்டிக்கு இரண்டு ஊராட்சிகள் பொறுப்பு. லைசென்சு முறை மீளுமாயின் எந்த எல்லையில் எந்தத் தகடு என்ற சிக்கலே முதலில் எழும்.

மிதிவண்டி ஓட்டுவோரும் இன்று இருதிறத்தினர். ஞாயிறு காலையில் விலையுயர்ந்த வண்டியில், தலைக்கவசமும் விளக்கும் அணிந்து, அம்பாங் மலையேறி உலு லங்காட் செல்வோர் ஒருதிறத்தினர். இருள் பிரியுமுன் பழைய வண்டியில் விளக்கின்றி வேலைக்குச் செல்லும் அயல்நாட்டுத் தொழிலாளர் மற்றொரு திறத்தினர். முன்னாளில் தமிழ்த் தொழிலாளர் இருந்த இடத்தில் இன்று அவர்கள் இருக்கின்றனர். புதிய அபராதம் விதித்தால் அதனை எளிதில் செலுத்துவோர் முதல் திறத்தினர். அதனால் ஒருநாள் கூலியை இழப்போர் இரண்டாம் திறத்தினர். அபராதத்திற்கு மாறாக ஒரு விளக்கைக் கொடுத்தால் உயிர் எஞ்சும்.

ஏனெனில் விளக்கின் பயன் கணக்கால் விளங்குவது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் 25 மீட்டர் கடக்கும். முன்னால் மிதிவண்டி இருப்பதை இரண்டு வினாடி முன்னதாக அறிந்தால் 50 மீட்டர் இடைவெளி கிடைக்கும். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்மடங்காகும். ஆகவே விதியின் கடுமை எடைக்கும் வேகத்திற்கும் ஏற்ப அமைதல் வேண்டும். 2016-இல் இந்நாட்டுச் சாலைகளில் 7,152 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றோர். இச்சாவுகளுக்கு மிதிவண்டி எண் தகடு மருந்தாகாது.

பாதை அமைப்பிலும் நாம் அரைவழியில் நின்றுவிட்டோம். 2018-இல் கோலாலம்பூரில் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீலத்தடம் தீட்டப்பட்டது. தடுப்பு ஏதுமின்மையால் அதன்மீது கார்கள் நிறுத்தப்பட்டன. நிறம் பூசுவதால் மட்டும் பாதை பிறந்துவிடாது.

செய்யத் தக்கவை

மேற்கூறிய வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. மிதிவண்டிக்கு விதி வேண்டும். ஆனால் உயிர் கருதிய விதியே வேண்டும். நிறுத்தும் கருவியும் இரவு விளக்கும் கண்டிப்பாதல் வேண்டும். அக்கண்டிப்பு முதலில் விற்பவர்மீதும், கருவியைக் கழற்றி வண்டியை மாற்றியமைக்கும் பட்டறையார்மீதும் செல்ல வேண்டும். அதன் பின்னரே ஓட்டும் சிறுவர்மீது செல்ல வேண்டும். தகடும் கட்டணமும் வரி கருதிய பழைய வழி. அதற்குத் திரும்புதல் வீண். தலைக்கவசத்தை அறிவுறுத்திப் பழக்குவது நன்று. அதனைக் காரணமாக்கி ஏழையைச் சாலையிலிருந்து அகற்றுவது நன்றன்று. பள்ளிக்கும் சந்தைக்கும் நிலையத்திற்கும் செல்லும் வழிகளில் தடுப்போடு கூடிய தனித்தடம் அமைப்பது ஊராட்சிகளின் கடமை.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. 2000-களின் பிற்பகுதியில் சாலைப் பாதுகாப்புக் கல்வி நம் பள்ளிகளுக்கு மலாய்மொழிப் பாடத்தின் வழியே வந்தது. அதனைத் தேர்வுக்குரிய வாசகமாக நிறுத்திவிடாமல், மாணவரின் மிதிவண்டியைப் பள்ளித் திடலுக்குக் கொண்டுவரச் செய்து, நிறுத்தியைச் சோதிக்கவும் விளக்கைப் பொருத்தவும் கைகாட்டித் திரும்பவும் பழக்கினால் அதுவே சிறந்த பாடமாகும். தமிழாசிரியரும் அதனைத் தாய்மொழியில் விளக்கலாம். தடையின்றி ஓடும் வண்டியில் என்ன வீரம் இருக்கிறது என்று கேட்டு, மாணவரைச் சிந்திக்கச் செய்யலாம்.

வெள்ளம் வருமுன் அணைகட்ட வேண்டும் என்பது முன்னோர் கண்ட உண்மை. அணையின் பெயரைத் தாங்கிய ஊருக்கு அதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆற்றை அடித்து எவரும் வெள்ளத்தைத் தடுத்ததில்லை. கரையைக் கட்டியே தடுத்தனர். மிதிவண்டி ஓட்டுநர்க்கு நாம் வகுக்கும் விதியும் அவரை அடிக்கும் கோலாக இன்றி, அவரைக் காக்கும் கரையாக அமைவதே முறையாகும்.